குதிரைத்திறனைப் பார்த்து பின் ஆக்சில் வாங்காதீர்கள்

எஞ்சினை ரீமேப் (கணினி அமைப்பை மாற்றிப் பவரைக் கூட்டுவது) செய்தவுடன் எழும் அடுத்த கேள்வி, "பின் ஆக்சில் தாங்குமா?" என்பதுதான். பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டுகள், நடுவில் உள்ள டிஃப், இவற்றை மூடிய ஹவுசிங் எல்லாம் சேர்ந்ததே பின் ஆக்சில். "அண்ணாச்சி, பெரிய ஹவுசிங்கா போட்டுருவோம்லா, சோலி முடிஞ்சிரும்" என்று பட்டறையில் சொல்வார்கள். முடியாது. அளவு தெரியாமல் பெரிதாகப் போட்டால் காசும் எடையும் கூடும், உடைகிற பாகம் மட்டும் இடம் மாறும்.

முதல் தவறு, எஞ்சின் பவரை வைத்து ஆக்சிலைத் தேர்ந்தெடுப்பது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஸ்கார்பியோ-என் பெட்ரோல் மேனுவல் 370 நியூட்டன் மீட்டர் முறுக்கு (டார்க்) தருகிறது. முதல் கியர் விகிதம் 4, ஆக்சிலுக்குள் சுழற்சியைத் திருப்பிவிடும் கிரவுன்-பினியன் பல்சக்கர ஜோடியின் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால் பின் சக்கரங்களுக்கு 5,920 நியூட்டன் மீட்டர் போக வேண்டும். ஆனால் வண்டி சீறிக் கிளம்பும்போது பின் ஆக்சில் மேல் 1,100 கிலோ எடை, டயரின் பிடிப்பு 0.8, சக்கர ஆரம் 0.36 மீட்டர் என்றால் ஏறத்தாழ 3,100 நியூட்டன் மீட்டரிலேயே டயர் வழுக்கிவிடும். அதற்கு மேல் ஆக்சிலுக்கு நிலையான முறுக்கு ஏற வழியே இல்லை. ரீமேப் செய்து இன்னும் 100 நியூட்டன் மீட்டர் கூட்டினாலும் முதல் கியரில் டயர்தான் புகையும். அதே வண்டிக்கு 1.1 பிடிப்புள்ள மென்மையான டயர் போட்டால் ஆக்சிலின் சுமை 4,270-க்குத் தாவுகிறது. உயரமான டயர் போட்டால் இன்னும் கூடும். ஆகவே டயரை முதலில் முடிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு ஆக்சில்.

இந்தக் கணக்கில் வராதது அதிர்ச்சிச் சுமை. பெரும்பாலான ஷாஃப்டுகளை முறிப்பது அதுதான். திசையன்விளை, உவரி பக்கம் தார் ரோட்டின் ஓரத்திலேயே தேரி மணல் கிடக்கும். ஒரு சக்கரம் அந்தச் செம்மணலில் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது சட்டென்று தாரைப் பிடித்தால், சுற்றிக்கொண்டிருந்த அத்தனை வேகமும் ஒரே நொடியில் ஷாஃப்டில் இறங்குகிறது. கிளட்சைப் படாரென்று விடுவதும், கிளம்பும்போது பின் சக்கரம் குதிகுதியென்று குதிப்பதும் அதே வேலையைச் செய்யும். குதிப்பு இருந்தால் ஷாக், புஷ், கமான் பட்டையைச் சரிசெய்வதே முதல் அப்கிரேடு.

அடுத்தது லாக்கர் மோகம். இரண்டு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவது டிஃப் (டிஃபரென்ஷியல்), அவற்றை ஒன்றாகப் பூட்டுவது லாக்கர். ஓப்பன் டிஃபில் ஒரு சக்கரம் வழுக்கினால் மறுபக்கத்துக்கும் அதே குறைந்த முறுக்குதான் போகும். லாக் ஆகிவிட்டாலோ பிடித்து நிற்கிற பக்கத்து ஷாஃப்ட் தனியாளாய்ச் சுமக்க வேண்டும். பழைய ஷாஃப்டை அப்படியே வைத்துக்கொண்டு லாக்கரை மட்டும் போடுவது, உடைவதற்கு நாள் குறிப்பதுதான். டிஃபுக்குள் இருக்கும் சின்ன ஸ்பைடர் கியர்களை வெல்டு வைத்து ஒட்டுவது அதைவிட மோசம். பாபநாசத்தில் இருந்து காரையார் ஏறும் வளைவுகளில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடியாக வேண்டும். ஒட்டிய டிஃபில் டயர் தேய்ந்து இழுபடும், மழையில் வால் வீசும். சாலையில் ஓடும் காருக்கு ஹெலிகல் கியர் வகை எல்.எஸ்.டி. (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃப்) தான் எங்கள் பரிந்துரை. தேயும் பிளேட் கிடையாது, வளைவில் அமைதியாக வேலை செய்யும். குறை ஒன்று உண்டு: ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் தொங்கினால் அது உதவாது. மணலும் பள்ளமுமாய் ஓட்டுகிறவர்களுக்கு, மஹிந்திரா தார் வண்டியின் சில வகைகளில் வருகிற மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப் பொருத்தம். இரண்டு சக்கரங்களுக்கு இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். பிளேட் வகை எல்.எஸ்.டி. போட்டால் எண்ணெயோடு ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பங்களில் கடகடவென்று அதிரும்.

கிரவுன்-பினியன் விகிதத்தை ஆசைக்கு ஏற்றாதீர்கள். எண் பெரிதாகும்போது பினியன் சிறுத்துப் பல் குறைகிறது. 41-க்கு 11 பல் என்றால் 3.73, 41-க்கு 10 பல் என்றால் 4.10. சிறிய பினியனுக்குத் தாங்கும் திறன் குறைவு, நாலுவழிச்சாலையில் எஞ்சினும் தேவையில்லாமல் அதிகச் சுற்றில் ஓடும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பின்னால் மட்டும் விகிதத்தை மாற்றிவிட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், முன்னும் பின்னும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கி உடையும். முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும்.

ஷாஃப்டில் விட்டமே எல்லாம். முறுக்குத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். அதனால் 30 மி.மீ.-இல் இருந்து 33 மி.மீ.-க்குப் போனாலே மூன்றில் ஒரு பங்கு பலம் கூடுகிறது. ஆனால் லேத்தில் கொடுத்து நீளத்தைக் குறைத்து நுனியில் ஸ்பிளைன் (நீளவாட்டுப் பற்கள்) வெட்டி வாங்குவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. கம்பெனி ஷாஃப்டின் மேல்தோலில் சில மி.மீ. ஆழத்துக்குத்தான் இண்டக்ஷன் ஹார்டனிங் (மின்சூட்டால் கடினமாக்குவது) இருக்கும். அதைக் கடைந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது மென்மையான இரும்பு. புதிதாகச் செய்தால் ஈ.என்.24 உருக்குக் கம்பியில் செய்து, ஹீட் டிரீட்மென்ட் முடித்து, கடினத்தன்மை சோதித்த சீட்டோடு வாங்குங்கள். பழைய ஷாஃப்டைக் கழற்றும்போது பேரிங் காலரை கேஸ் வைத்துச் சூடாக்கக் கூடாது, அந்த இடத்திலேயே ஷாஃப்ட் பலம் இழக்கும். உடைந்த ஷாஃப்டைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்பிளைன் முறுக்கிக்கொண்டிருந்தால் அது அதிகச் சுமை. உடைந்த முகத்தில் ஒரு புள்ளியில் இருந்து வில் வில்லாய்க் கோடுகள் விரிந்திருந்தால் அது நாள்பட்ட விரிசல். ஸ்பேசரோ, வெளியே தள்ளிய அலாய் வீலோ காரணமாக இருக்கலாம்.

செகண்ட்ஹேண்ட் ஹவுசிங் வாங்குகிறவர்கள் இந்தப் பக்கம் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. ஹவுசிங்கின் காற்றுத்துளையான பிரீதர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருக்கும். விற்பவர் எண்ணெயை மாற்றியிருந்தாலும் பேரிங் ரோலரிலும் கிரவுன் பல்லிலும் குண்டூசி முனை அளவுத் துருக்குழிகள் நிற்கும். கவரைக் கழற்றி டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகச் சுற்றிப் பாருங்கள்.

நல்ல பாகத்தைக் கெடுப்பது பொருத்துகிற கைதான். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்றுங்கள். டயல் கேஜ் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பல கார்களில் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி) 0.15 முதல் 0.25 மி.மீ.-க்குள் வரும், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ளதே முடிவு. பல்லில் மார்க்கிங் புளூ சாயம் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். அடிப்பகுதியில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது. பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கி இறுக்கத்தைத் தரும் கிரஷ் ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கினால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது, புது ஸ்லீவ்தான். கிரவுன் போல்ட்டுகளும் புதிதாக, லாக்டைட் பசை போட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்கியிருக்க வேண்டும். எண்ணெய் ஜி.எல்.-5 தரம். நிரப்பும் துளையின் விளிம்புவரை போதும், கூடினால் பிரீதர் வழியே கக்கும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

புதுப் பல்லை முதல் நாளே மே மாத வெயிலில் 120-இல் விரட்டினால் எண்ணெய் காய்ந்து பல்லின் முகம் நீலம் பாயும், பிறகு ஊளைச் சத்தம் போகவே போகாது. திருநெல்வேலியில் இருந்து நாங்குநேரி வரை ஏறத்தாழ 30 கி.மீ. நிதானமாக ஓட்டி, ஹவுசிங் கை வைக்கும் அளவுக்கு ஆறும்வரை நிறுத்திவிட்டுத் திரும்புங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். 800 கி.மீ. வரை முழு மிதி வேண்டாம். அதன்பின் எண்ணெயை மாற்றும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தைப் பாருங்கள். மை போன்ற நயமான பொடி ஒட்டியிருந்தால் இயல்பு. விரலில் குத்தும் துணுக்கு இருந்தால் வண்டியை எடுக்காமல் அங்கேயே கவரைக் கழற்றச் சொல்லுங்கள்.