வகுப்பு எடுப்பவர் சோர்ந்துபோகாமல் இருக்க

சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) ஊர்களில் இருபத்தாறு வருஷம் உபதேசியாராக, அதாவது சபையில் வேதம் கற்றுக்கொடுக்கும் ஊழியனாக, இருந்தேன். சபையில் முழு அங்கத்தினராகச் சேர்வோருக்கான திடப்படுத்தல் வகுப்பைப் புதிதாக எடுக்க வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பாடம் நடத்திவிடுவேன் அண்ணாச்சி. ஆட்கள் நின்றுபோனால், ஊர் ஏசினால், எப்படித் தாங்குவது?"

முதலில் வேதாகமத்தில் இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தை ஒரே இருப்பில் வாசியுங்கள். நான்கே அதிகாரம், அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்து தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதியது. "தீங்கநுபவி" என்ற வார்த்தை நம் எல்லாருக்கும் தெரியும். முதல் அதிகாரம் 8ஆம் வசனத்தில் அதற்கு முன்னால் "என்னோடேகூட" என்று இருப்பதை நான் பல வருஷம் கவனிக்கவில்லை. தனியாகக் கிடந்து தாங்கு என்று அவர் சொல்லவே இல்லை. எங்கள் பக்கத்து முதலூரே அதற்குச் சாட்சி. துன்பப்பட்ட விசுவாசிகள் சேர்ந்து வாழ, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்னின்று 1799இல் உண்டாக்கிய ஊர் அது.

அதனால் வகுப்பைத் தொடங்கும் முன்பே ஒரு துணையைத் தேடிக்கொள்ளுங்கள். வகுப்புக்கு வருகிறவர் வேண்டாம். வீட்டுக்காரியும் வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே பாரம் உண்டு. வாரம் ஒரு தடவை உட்கார்ந்து, "இந்த இடத்தில் வலித்தது" என்று ஒளிக்காமல் சொல்ல ஓர் ஆள் போதும்.

அப்புறம், படுகிற கஷ்டத்தில் நாமே உண்டாக்கியது எவ்வளவு என்று பாருங்கள். முதல் வருஷம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயிலில் வகுப்பு வைத்தேன். பதநீர் காலம் வந்ததும் ஒருவரும் வரவில்லை. இவர்களுக்கு வாஞ்சை இல்லை என்று மனம் கசந்தேன். ஒரு நாள் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆண்கள் விடியுமுன் பனையேறி, சாயங்காலம் மறுபடியும் ஏறுகிறார்கள். பெண்கள் பொழுதெல்லாம் அடுப்படியில் நின்று கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். ஆறு மணிக்கு யார் வருவார்? அடுத்த வாரமே வகுப்பை விடிலிக்கு மாற்றினேன். இரவு எட்டு மணி, இருபது நிமிஷம், ஓலைப்பாயில் ஐந்து பேர். கர்த்தருடைய ஜெபத்தில் வாரத்துக்கு ஒரு வரி. அந்த அக்காமார் பாகைக் கிண்டிக்கொண்டே சொல்லிப் பழகினார்கள். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" அந்த அடுப்படியில் கற்றுக்கொடுத்த மாதிரி வேறெங்கும் நான் கற்றுக்கொடுத்ததில்லை.

உங்கள்மேல் மொட்டைக் கடிதாசி போடுவார்கள். எனக்கும் போட்டார்கள், காணிக்கைப் பணத்தில் கை வைத்தேன் என்று. மூன்று நாள் பதில் எழுதாதீர்கள். கணக்கு நோட்டைக் குருவானவரிடம் கொடுத்துவிட்டு, அன்றைய வகுப்பை வழக்கம்போல் எடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: பாடத்தை வைத்துப் பதிலடி கொடுக்காதீர்கள். நான் ஒரு தடவை கொடுத்தேன். "பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்று குரலை உயர்த்தி நடத்தினேன். ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பெண் பயந்து அழுதாள். அது இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை.

விட்டுப்போனவர்களை எப்படி நடத்துவது? ஊழியப் பயணத்தின் நடுவில் பம்பிலியாவில் பிரிந்துபோன மாற்கைப் பவுல் ஒரு காலத்தில் கூட்டிப்போக மறுத்தார். இந்த நிருபத்தின் கடைசியில் அவரே "மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா" என்கிறார். பவுலை விட்டுப்போன தேமா என்பவர் திரும்பி வந்ததாக அதில் எழுதியில்லை. யார் மாற்கு, யார் தேமா என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது. ஆகவே மாதம் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போங்கள். வகுப்பைப் பற்றிப் பேச வேண்டாம். ஆடு ஈன்றதா, மகன் மும்பையிலிருந்து போன் பண்ணினானா என்று கேளுங்கள். எனக்கு அப்படி ஒரு பையன் இருக்கிறான். பதினொரு வருஷமாகப் போகிறேன், இன்னும் வரவில்லை.

எல்லாவற்றையும் தாங்கவும் கூடாது. அடிவாங்கிவிட்டு வகுப்புக்கு வரும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள், இது உன் சிலுவை" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அன்றே நம்பகமான இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு அவளுக்குப் பாதுகாப்பான இடம் பாருங்கள். வகுப்பு ஒரு வாரம் நிற்கட்டும்.

உங்களுக்குத் தேவையானதையும் வாய்விட்டுக் கேளுங்கள். மேலங்கியையும் புஸ்தகங்களையும் கொண்டுவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்று பவுல் கேட்கவில்லையா? சர்க்கரை ஏறி எனக்குக் கால் மரத்தபோது, வெட்கத்தால் நான்கு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அந்த விடிலி அக்காமாரில் ஒருவரிடம்தான் சொன்னேன். "அப்போ நீங்க உட்காருங்க, இந்த வாரம் நான் சொல்லிக் கொடுக்கேன்" என்றார். செவ்வாய்க்கிழமை வகுப்பு இப்போதும் அவருடையதுதான்.