சுருண்ட ஊசியிலையைக் கண்டதும் மருந்தைத் தேடாதீர்கள்

வட கரோலினாவின் மலைப்பகுதியில் ஃப்ரேசர் ஃபர் வளர்க்கும் கிறிஸ்துமஸ் மரப் பண்ணைகளுக்குப் பூச்சி பார்க்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளைச் செய்வதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கையுறை அணிவது, லேபிளைப் படிப்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

அசுவினிக்கு அடித்துச் சிலந்திப்பேனை வளர்ப்பது

வசந்தத்தில் விரியும் தளிரின் ஊசியிலைகள் சுருண்டு, வெண்மெழுகும் பிசுபிசுப்புமாக இருந்தால், அது பால்சம் ட்விக் அசுவினியின் வேலை. சுருள் கண்ணில் படும்போதே சேதம் நடந்து முடிந்திருக்கும். சில வாரங்களில் அசுவினி முட்டையிட்டு மறைந்துவிடும், அந்த முட்டை அடுத்த வசந்தத்தில்தான் பொரியும். விற்பனைக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கும் மரமோ, அந்தச் சுருளை மறைத்துக்கொண்டு வளர்ந்துவிடும்.

இது தெரியாமல், என் முதல் ஆண்டில், ஜூன் கடைசியில் முழு வயலுக்கும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லியை அடிக்கச் சொன்னேன். அசுவினி அதற்குள் போயிருந்தது. செத்தவை, மரத்தின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தின்று அதைக் கட்டுக்குள் வைத்திருந்த இரைவிழுங்கிப் பேன்கள். சிலந்திப்பேன் தடையின்றிப் பெருகி, இலையுதிர் காலத்தில் மரங்களின் உட்புறம் வெண்கல நிறத்துக்கு மாறியது. அப்படி நிறம் மாறிய ஊசியிலை மறுபடி பச்சையாவதில்லை. ஏழெட்டு ஆண்டுகள் கத்தரித்து வளர்த்து, அந்த ஆண்டே வெட்ட வேண்டியிருந்த வரிசைகள் விலைபோகாமல் நின்றன. இன்றும் யாராவது "எதற்கும் ஒருமுறை அடித்து வைப்போம்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

அடிப்பதற்கு முன் கிளையை வெள்ளைத் தாளின் மேல் தட்டி, 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். கரும்பச்சை உடலோடு மெதுவாக ஊர்வது சிலந்திப்பேன். வெளிறிய நிறத்தில் துருதுருவென ஓடுவது இரைவிழுங்கி. ஊசியிலைகளின் அடியில் சிலந்திப்பேனின் செந்நிற முட்டைகள் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கடும் வெயிலில் மட்டும் தேடுவது

இந்தச் சிலந்திப்பேன் குளிர்ந்த பருவத்தில் பெருகுவது.

வேரழுகலைப் பூச்சி என்று எண்ணுவது

நீர் தேங்கும் தாழ்வான இடத்தில் ஒரு மரம் செம்பழுப்பாகக் காய்ந்தால், கிளைகளில் பூச்சியைத் தேடிக்கொண்டிராமல், தரைமட்டத்தில் பட்டையைக் கத்தியால் சீவிப் பாருங்கள். வெளிறியிருக்க வேண்டிய உட்பகுதி இலவங்கப்பட்டை நிறத்தில் இருந்தால், பெரும்பாலும் அது பைட்டோப்தோரா என்ற மண்வாழ் நோய்க்கிருமியால் வரும் வேரழுகல். அந்த இடத்தில் மறுபடி ஃப்ரேசர் ஃபர் நடாதீர்கள்.

சினாரா அசுவினியை உண்ணி என்று பதறுவது

சினாரா, மரத்தில் வாழும் பெரிய அசுவினி வகை. கால்களை எண்ணுங்கள்: அசுவினிக்கு ஆறு, வளர்ந்த உண்ணிக்கு எட்டு.