பிரம்மா தாமரைலேர்ந்து வந்தது நெசமான்னு பிள்ள கேட்டா எப்படி சமாளிக்கிறது

என் மக பிரைமரி ஃபோர், போன வாரம் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல தோசைக்கு வரிசைல நிக்கும்போது "ப்பா, பிரம்மா நெசமாவே தாமரைலேர்ந்து வந்தாரா, கடவுள் உலகத்த ஆறு நாள்ல செஞ்சாருன்னு என் ஃப்ரெண்டு சொல்றாளே"ன்னு கேட்டுட்டா, நான் சாம்பார் வாளியையே பாத்துக்கிட்டு நின்னேன்.

மொதல்ல, ஆமா இல்லன்னு உடனே சொல்லிடாதீங்க, கதைய எடுத்து வச்சு கூட உக்காந்து படிங்க. பைபிளோட ஆதியாகமம் 1ஆம் அதிகாரத்துல மரம் மிருகமெல்லாம் வந்தப்புறம்தான் மனுஷன், 2ஆம் அதிகாரத்துல மனுஷன் வந்துட்டு அப்புறம்தான் தோட்டம். சூரியனே நாலாவது நாள்தான்னா முதல் மூணு நாள எப்படி எண்ணினாங்க? இத 3ஆம் நூற்றாண்டுலயே ஒரிஜென்னு ஒரு கிறிஸ்தவ அறிஞர் கேட்டுட்டாரு, வரிக்கு வரி எடுத்துக்க வேணாம்ங்கிறது டார்வின் வந்தப்புறம் கட்டின சமாளிப்பு இல்ல.

நம்ம பக்கமும் பாருங்க, உலகம் எப்படி வந்துச்சுன்னு கேக்குற ரிக் வேதம் 10.129 பாட்டு முடியிறதே "மேல இருந்து பாக்குறவனுக்குத் தெரியும், இல்ல அவனுக்கும் தெரியாதோ"ன்னுதான், எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது. பிரம்மாவோட ஒரு பகல் 432 கோடி வருஷம், பூமி வயசு சுமார் 454 கோடி, பாத்தியா சயின்ஸ்னு வாட்ஸ்அப்ல வரும், அத வச்சு மட்டும் ஆடாதீங்க, பிரபஞ்சத்துக்கு 1380 கோடி ஆச்சு.

ஃப்ரெண்டு வீட்ல வரிக்கு வரி நம்புறவங்களா இருக்கலாம், போய்க் கிண்டல் பண்ணக் கூடாதுன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க.

எல்லாம் கேட்டுட்டு என் மக, "அப்ப தாமரைய யாருப்பா நட்டது?"ங்கிறா.