நடுவயதில் மறைந்த முன்னாள் படைவீரரைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுதும் முறை

இந்திய ராணுவத்தில் 2022-க்கு முன் சிப்பாயாகச் சேர்ந்தவர் பலர், ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 ஆண்டுப் பணியை முடித்துக்கொண்டு நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே ஐம்பதை எட்டும் முன் இறந்த ஒருவருக்குப் படத்திறப்பில் வாசிக்கக் குறிப்பு எழுதுகிறவர், சீருடைக் காலத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தேடி எடுங்கள். சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், பதவி, பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். அது கிடைக்காவிட்டால், அவருடைய மனைவி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்டு, படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது.

பதக்கங்களைப் பொருள் அறிந்து எழுத வேண்டும். சியாச்சின் பதக்கம் இருந்தால், 1984 முதல் நம் படை காவல் நிற்கும் அந்தப் பனிமலையில் அவரும் நின்றிருக்கிறார். வீட்டில் பயப்படுவார்கள் என்று அதை அவர் சொல்லாமலே விட்டிருக்கக்கூடும். ஆபரேஷன் பராக்ரம் பதக்கம் மட்டும் பெற்றவரைப் போரிட்டவர் என்று எழுதக் கூடாது. 2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பின் எல்லைக்கு நகர்த்தப்பட்ட படை, போர் மூளாமலே மறு ஆண்டு அக்டோபர் வரை காத்திருந்தது. அந்தக் காத்திருப்பை உள்ளபடி எழுதுவது, பிளெக்ஸ் அடிப்பவர் சேர்க்கும் பீரங்கிப் படத்தைவிட அவருக்கு மரியாதை.

பரணில் இருக்கும் கறுப்பு டிரங்குப் பெட்டியையும் இறக்கிப் பாருங்கள். வெள்ளை பெயின்டில் எண், பதவி, பெயர் இருக்கும். சில பெட்டிகளில் ‘சிப்பாய்’ என்பதன் மேல் கறுப்பைப் பூசி ‘நாயக்’ என்ற மேல்பதவியை எழுதிய தடம் தெரியும்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும், நடுவயதுச் சாவில் எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு: உடன் பணியாற்றியவர்கள் பெரும்பாலும் இருக்கிறார்கள், அவர்களுடைய எண்களும் இறந்தவரின் கைபேசியிலேயே இருக்கின்றன. எப்படிப்பட்டவர் என்று பொதுவாகக் கேட்டால் ‘தங்கமான மனுசன்’ என்பதோடு முடிந்துவிடும். லங்கர் எனப்படும் படைச் சமையற்கூடத்தின் சாப்பாட்டில் எதைக் குறை சொல்வார், லீவு மறுக்கப்பட்டபோது என்ன செய்தார், யாருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார் என்று கேளுங்கள்.

ஊர் திரும்பிய பின் வங்கிக் காவலாளியாகவோ பள்ளிப் பேருந்து ஓட்டுநராகவோ இருந்த ஆண்டுகளுக்கும் சமமான இடம் கொடுங்கள். பிள்ளைகள் அவரைக் கண்டது பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், மோசடிக்கு உதவாதபடி படை எண்ணையும் ஓய்வூதிய ஆணை எண்ணையும் நீக்கிவிட்டு, முழுவதையும் மனைவிக்கும், தாயார் இருந்தால் அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வரியை விவாதிக்காமல் எடுத்துவிடுங்கள்.