ரா டெனிமுக்குக் கறுப்புச் சாயம்: முதலில் கஞ்சியை எடுங்கள்

ரா டெனிம், அதாவது நெய்து தைத்தபின் ஒருமுறைகூடத் துவைக்காத ஜீன்ஸை, வாங்கி வந்த அன்றே சாய வாளியில் முக்காதீர்கள். புதிதாக இருக்கும்போது அது அட்டை மாதிரி விறைத்து நிற்கிறதே, அது நெசவுக்காகப் பாவு நூலில் (நீளவாட்டில் ஓடும் நூல்) ஏற்றிய கஞ்சி. அது இருக்கும்வரை சாயம் உள்ளே இறங்காமல் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். என் முதல் ஜீன்ஸை நான் அப்படித்தான் கெடுத்தேன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில். டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துப்போய் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கணக்கு.

உள்பக்கத்தை வெளியே திருப்பி, கை பொறுக்கும் சூட்டில் சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். இரண்டு முறை. சுருங்க வேண்டியதும் இதிலேயே சுருங்கிவிடும் (சன்ஃபரைஸ் செய்யாத, அதாவது ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்காத துணி 10 விழுக்காடு வரைகூடச் சுருங்கும்). இடுப்பில் தோல் பட்டை இருந்தால் பிரித்து எடுத்துவிடுங்கள், பின்னால் சாயத்தில் சேர்க்கும் சோடா ஆஷ் அதைப் பாழாக்கிவிடும்.

சாயத்துக்குப் புரோசியன் எம்எக்ஸ் வகை ரியாக்டிவ் பொடி (பருத்தி இழையோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும் சாயம்) வாங்குங்கள். நம் மலேசியாவில் பாத்தேக் (மெழுகால் கோலமிட்டுச் சாயமேற்றும் துணி) ஓவியர்கள் பயன்படுத்தும் ரெமசோல் சாயம் வேறு, அதைச் சோடியம் சிலிக்கேட் பூசி நிலைக்க வைப்பார்கள், இந்த முறைக்கு ஒத்துவராது. எம்எக்ஸ் 30 முதல் 40 டிகிரியில் வேலை செய்வதால் கோலாலம்பூர் குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் கலந்தாலே போதும், அடுப்பில் அண்டா ஏற்றும் வேலையெல்லாம் இல்லை.

ஜீன்ஸ் 800 கிராம் என்றால் 15 லிட்டர் தண்ணீர், சாயம் 50 கிராம், உப்பு ஒரு கிலோவுக்கு மேல், சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 150 கிராம். ஆப்ப சோடா இல்லை, அது வேறு! பொடியை நிறுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள், மூச்சில் போனால் நல்லதல்ல. சாயத்தையும் உப்பையும் கரைத்து, ஈரமான ஜீன்ஸைப் போட்டு 20 நிமிடம் கை ஓயாமல் கிளறுங்கள். மடிப்பு விழுந்த இடம் வெளுப்பாக நின்றுவிடும் என்பதால் இங்கே சோம்பல் கூடாது. அப்புறம் சோடா ஆஷைத் தனியாகக் கரைத்து, துணியை ஒதுக்கிவிட்டு மூன்று தடவையாக ஊற்றி, அவ்வப்போது கிளறியபடி ஒரு மணி நேரம் விடுங்கள். சாயம் நிற்க வினிகர் போடச் சொல்லும் சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ கட்டாயம் இருப்பார், போடாதீர்கள். இந்தச் சாயத்துக்குச் சோடா ஆஷ் தரும் காரத்தன்மைதான் வேண்டும், வினிகரின் புளிப்பு வேலையைக் கெடுக்கும்.

முதலில் பச்சைத்தண்ணீரில் உப்புப் போக அலசி, பிறகு சுடுதண்ணீரும் சோப்பும். தண்ணீர் ஓரளவு தெளியும்வரை. நிழலில் காயப்போடுங்கள், ஈரத்தில் பார்த்த கறுப்பு காய்ந்ததும் ஒரு படி குறையும், பதற வேண்டாம்.

ஒன்று யோசித்துக்கொள்ளுங்கள். டெனிமில் பாவுதான் அவுரி நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை, பாவு நூலுக்குள்ளும் நடு வெள்ளைதான். ரா டெனிம்காரர்கள் மாதக்கணக்கில் போட்டுத் தேய்த்து எடுக்கும் அந்த வெளுப்பு வருவதே அந்த வெள்ளையால், சாயம் போட்டால் அதுவும் கறுத்துவிடும். தொடையில் வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் இந்த வாளியைத் தொடாதீர்கள். பாலியெஸ்டர் தையல் நூல் மட்டும் எத்தனை முக்கு முக்கினாலும் பழைய ஆரஞ்சாகவே இருக்கும், எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.