சைக்கிள் ஸ்டாண்டும் குளியலறையும்: ஒரு புள்ளியைக் கோட்டைவிடும் வழிகள்

கடலூரில் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரைபடத்தில் 'குளியலறை, உடை மாற்றும் அறை' என்று போட்டிருந்த கதவைத் திறந்தால் மாப்பு, பினாயில் கேன், கால் உடைந்த நாற்காலி. "அது ஸ்டோர் ரூம் சார்" என்றார் வாட்ச்மேன். அவருடைய சைக்கிள் வெளியே வேப்பமரத்தோடு செயின் போட்டுக் கட்டியிருந்தது.

லீட் (LEED) என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழின் நான்காம் பதிப்பில் சைக்கிள் வசதிக்கு, அதாவது ஸ்டாண்டுக்கும் சைக்கிளில் வியர்த்து வருவோர் குளித்து உடை மாற்றும் இடத்துக்கும் சேர்த்து, கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. அதனாலேயே எல்லோரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். வரைபடத்திலேயே இடம் ஒதுக்கினால் செலவு சொற்பம். கான்கிரீட் போட்டபின் குழாய் இழுப்பதுதான் தலைவலி.

முதலில் ஆள் கணக்கில் சறுக்குகிறார்கள். நான்காம் பதிப்பின்படி, அலுவலகங்களில் வேலை செய்வோரில் 5 சதவீதம் பேருக்கு நாள் முழுக்க நிறுத்தும் இடமும், உச்ச நேரத்தில் வரும் வெளியாட்களில் 2.5 சதவீதம் பேருக்குத் தற்காலிக இடமும் வேண்டும். இரண்டிலும் தனித்தனியே 4-க்குக் குறையக் கூடாது. 250 பேர் வேலை பார்த்து 60 பேர் வந்துபோகும் கட்டடத்துக்கு 13-ம் 4-ம், ஆக 17. வெளியாட்கள் பங்கு இரண்டுதானே என்று 15-ல் நிறுத்தினால் போச்சு. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களை 'கான்ட்ராக்ட்தானே' என்று விட்டுவிடுவதும் தவறு. நம்ம ஊரில் நிஜமாகவே சைக்கிளில் வருபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்! அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இந்தக் கணக்கே வேறு: குடியிருப்போரில் 30 சதவீதம், வீட்டுக்கு ஒன்றாவது இருக்க வேண்டும், சைக்கிளில் வருவோருக்கென்று தனிக் குளியலறை தேவையில்லை.

அடுத்தது சாலை. ஸ்டாண்ட் மட்டும் வைத்தால் புள்ளி வராது. வாசலிலிருந்தோ ஸ்டாண்டிலிருந்தோ 180 மீட்டருக்குள் சைக்கிள் பாதை தொடங்க வேண்டும். வேக வரம்பு மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத தெருக்களும் கணக்கில் வரும். பஸ்கள் பறக்கும் ஈ.சி.ஆரைக் காட்டி 'இதோ சாலை' என்றால் ஏற்க மாட்டார்கள். புதுச்சேரியின் உள்தெருக்களில் வாய்ப்பு அதிகம், ஆனால் தெருக்கள் இடையில் அறுபடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

ஸ்டாண்ட் இருக்குமிடம் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள், நடந்துபோகும் தூரத்தில் அளந்து. வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் அளப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 4.1 பதிப்பில் இந்தத் தூரத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். எந்தப் பதிப்பில் பதிவு செய்தீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊழியர்களின் சைக்கிளுக்குக் கூரை கட்டாயம்.

கூரை இருக்கிறதே என்று பேஸ்மென்ட்டில் வைக்கிறார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அந்தத் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டுமா? தரைத்தளம்தான் நல்லது. கடற்காற்றில் சாதாரண இரும்பு ராக் சீக்கிரமே துருவேறும். கால்வனைஸ் செய்ததை, அதாவது துத்தநாகப் பூச்சு கொடுத்ததைப் போடுங்கள். முன்சக்கரத்தை மட்டும் செருகும் ராக்கில் கேரியர் வைத்த கனமான பழைய சைக்கிள் சாய்ந்து சக்கரத்தை வளைத்துவிடும். ஃபிரேமையே பூட்டுமளவு வளைகம்பி போதும், அதிக வேலையில்லை.

குளியலறை முதல் 100 பேருக்கு ஒன்று, அப்புறம் ஒவ்வொரு 150 பேருக்கும் ஒன்று. மேலே சொன்ன 250 பேருக்கு இரண்டு; ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று சரியாக வரும். கழிவறையில் ஒரு குழாயை மாட்டிவிட்டு ஷவர் என்று காட்டாதீர்கள். உடை மாற்ற உலர்ந்த இடம், துணி மாட்டக் கொக்கி, உட்கார ஒரு பெஞ்ச் வேண்டும். இன்னொன்று, ஷவர் வைத்தால் அது கட்டடத்தின் தண்ணீர்க் கணக்கிலும் ஏறும். அங்கே ஷவருக்கு அடிப்படை அளவு நிமிடத்துக்கு 9.5 லிட்டர்; இப்படி அடிப்படை அளவுகளை வைத்துப் போடும் கட்டடத்தின் மொத்தத் தண்ணீர்க் கணக்கில் 20 சதவீதம் குறைத்துக் காட்ட வேண்டும். ஆகவே குறைந்த நீர் விடும் ஷவராகவே வாங்குங்கள்.

துடைப்பத்துக்கும் பினாயிலுக்கும் முதலிலேயே தனியாக ஓர் அலமாரி கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை எங்கே போய்ச் சேரும் என்று அந்த வாட்ச்மேனைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.