‘இன்னும் ரெண்டு கிலோ போட்டுக்கோங்க’

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங்குக்குப் படகு ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவர் என் பழைய தவறை என் கண்ணெதிரே அப்படியே செய்து காட்டுகிறார். டேங்க் வால்வைத் திறக்க மறப்பது, முகமூடியில் எச்சில் தடவாமல் குதிப்பது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அவற்றை முதல் நாளே திட்டித் திருத்திவிடுவார்கள். மூழ்குவதற்கான எடையாக இடுப்பில் ஈயத்தைக் கூடுதலாகக் கட்டினால் மட்டும் யாரும் திட்டுவதில்லை.

இறங்க முடியவில்லையா, ஈயம் சேர்

புதியவர் குதிக்கிறார், பிசிடியிலிருந்து (காற்றடைத்து மிதக்க உதவும் மேல்சட்டை) காற்றை வெளியேற்றுகிறார், மூழ்கவில்லை. உடனே படகிலிருந்து இரண்டு கிலோ நீளும். அவர் பதற்றத்தில் நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்திருக்கிறார், கால் தன் பாட்டுக்கு உதைக்கிறது. மூச்சை முழுசாக விட்டுக் காலை நிறுத்தினால் இறங்கிவிடுவார். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். ஈயம் கொடுக்க ஐந்து நொடி போதும். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் உடையான வெட்சூட்டுக்கு 10 கிலோ! கீழே போனதும் ஈயம் இழுத்தது, பிசிடியில் காற்றடித்தேன். காற்று நெஞ்சைத் தூக்க, ஈயம் இடுப்பை இழுக்க, கடற்குதிரை மாதிரி செங்குத்தாக நின்றேன். அந்த நிலையில் உதைத்தால் மேலேதான் போவோம். காற்றை விட்டேன், கீழே போனேன். காலில் மாட்டிய ஃபின் (துடுப்பு) பட்டு ஒரு மான்கொம்புப் பவளத்தின் கிளை ஒடிந்தது. 25 நிமிடத்தில் டேங்கின் காற்று, மேலே திரும்ப வேண்டிய 50 பார் அழுத்தத்துக்கு வந்துவிட்டது.

அப்புறம் மேலே வரும் வழியில், பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். நிற்கவில்லை, மேலே பறந்தேன். ஐந்து கிலோ வீண் ஈயத்தை மிதக்கவைக்க ஏறக்குறைய ஐந்து லிட்டர் காற்று வேண்டும். 10 மீட்டரில் அடித்த அந்தக் காற்று மேற்பரப்பில் இரு மடங்காகும். சற்று ஏறினாலே அது விரிந்து இன்னும் ஏற்றும். ஈயம் அதிகம் கட்டியவன்தான் கட்டுப்பாடில்லாமல் மேலே போகிறான்.

சரி, எவ்வளவு கட்டுவது? டேங்கில் 50 பார் இருக்கும்போது, பிசிடி காலியாக, சாதாரண மூச்சோடு அசையாமல் மிதந்து பாருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மூழ்க வேண்டும். நிறைந்த டேங்கோடு சோதித்தால் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். 11 லிட்டர் அலுமினிய டேங்க் 50 பாருக்கு வருவதற்குள் சுவாசித்துத் தீரும் காற்றின் எடை அவ்வளவு.

மொத்த ஈயமும் இடுப்பில்

நுரையீரல் நெஞ்சை மிதக்கவைக்கும், ஆகவே கால் தொங்கும். ஒன்றிரண்டு கிலோவை டேங்க் பட்டையில் உள்ள சிறு பைகளுக்கு மாற்றுங்கள். டேங்கைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினாலும் பலன் தெரியும். அவசரத்தில் கழற்றி எறிய வேண்டிய ஈயம் மட்டும் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கட்டும். பிறகு ஃபின்னை அசைக்காமல் பத்து நொடி மிதந்தால் எந்தப் பக்கம் சரிகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு பக்கம் கூடுதல்

உருளுவீர்கள்.

நீச்சல்குளக் கணக்கு

கடலில் செல்லாது. உப்புநீர் கூடுதலாகத் தூக்கும். உடம்பும் கருவிகளும் சேர்ந்து 80 கிலோ என்றால் ஏறக்குறைய இரண்டு கிலோ கூட்ட வேண்டியிருக்கும்.

கால் தொங்குபவருக்குக் கணுக்கால் எடை

வேண்டாம்.

எழுதி வைக்காமல் விடுவது

எந்த சூட், எந்த டேங்க், எத்தனை கிலோ என்று ஒவ்வொரு முறையும் லாக்புக்கில் எழுதுங்கள். அதே வெட்சூட்டுக்கு நான் இப்போது கட்டுவது 5 கிலோ. அடுத்த படகில் ‘எவ்வளவு போடட்டும்?’ என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். ‘நீங்களே பார்த்துப் போடுங்க’ என்றால் எட்டு கிலோ வரும்.